ஒரே கட்டிக்கு இரண்டு ரிப்போர்ட்: எதை நம்புவது?

வாசகர் கடிதம்:

டாக்டருக்கு வணக்கம். என் அக்காவுக்கு 48 வயது. ஏழெட்டு மாதமாக இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் ரத்தம் பட்டுக்கொண்டே இருந்தது. பரிசோதித்த டாக்டர், கர்ப்பப்பை வாயில் ஒரு கட்டி தொங்குகிறது என்று சொல்லி அதைத் திருகி எடுத்தார். பயாப்ஸியில் ‘சிதைவுற்ற ஃபைப்ராய்டு’ என்று வந்தது. நிம்மதியாக இருந்தோம். நான்கே மாதத்தில் அதே இடத்தில் மறுபடி வளர்ந்துவிட்டது. இந்த முறை கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். கட்டி 6.5 செ.மீ. ரிப்போர்ட்டில் ‘கர்ப்பப்பை வாயின் லியோமயோசர்கோமா’ என்று இருக்கிறது. கீழே டெஸ்மின் பாசிட்டிவ், கால்டெஸ்மான் பாசிட்டிவ், பி16 பாசிட்டிவ், கேஐ-67 40 சதவீதம் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். இரண்டு வருடமாக அக்கா எடுத்த பாப் ஸ்மியர் இரண்டுமே நார்மல். பிறகு எப்படி இது வந்தது? சாதாரண ஃபைப்ராய்டு நான்கு மாதத்தில் புற்றாக மாறுமா, இல்லை முதல் ரிப்போர்ட்டே தப்பா? பி16 பாசிட்டிவ் என்றால் ஹெச்.பி.வி. என்று அத்தான் எங்கோ படித்துவிட்டு, வீட்டில் பேசக்கூடாத பேச்செல்லாம் பேசிவிட்டார். அக்கா அழுதுகொண்டே இருக்கிறாள். எனக்கும் ஒரு சின்ன ஃபைப்ராய்டு இருக்கிறது. என்ன செய்வது என்று சொல்லுங்கள்.

பதில்:

உங்கள் கடிதத்தில் ஐந்தாறு கேள்விகள் இருக்கின்றன. வரிசையாகப் போகாமல், வீட்டில் சண்டைக்குக் காரணமான பி16-ஐ முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு இன்றே பதில் சொல்லிவிடலாம்.

பி16 என்பது வைரஸ் அல்ல. நம் செல்களுக்குள் இயல்பாகவே இருக்கும் ஒரு புரதம். செல் கண்டபடி பிளவுபடாமல் தடுக்கும் வேலையில் அதற்கும் பங்கு உண்டு. அதே வேலையில் ஆர்பி என்று இன்னொரு புரதமும் இருக்கிறது. ஆர்பி ஒழுங்காக வேலை செய்யும்வரை பி16 அடங்கியே இருக்கும். ஆர்பி முடங்கிவிட்டால் பி16 செல்லுக்குள் குவிய ஆரம்பிக்கும். கர்ப்பப்பை வாயில் வழக்கமாக வரும் புற்றில் பாலுறவு வழியாகப் பரவும் ஹெச்.பி.வி. வைரஸ்தான் ஆர்பியை முடக்குகிறது. அதனால் அங்கே பி16 குவிந்திருந்தால், பின்னால் வைரஸ் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். தசையில் பிறக்கும் புற்றான லியோமயோசர்கோமாவில் கதை வேறு. கட்டியின் செல்களில் ஆர்பி மரபணுவே பழுதாகியிருப்பது இந்தப் புற்றில் சகஜம். வைரஸின் உதவி இல்லாமலேயே பி16 குவிகிறது. அணை உடைந்தது மழையாலா, வெடி வைத்தா என்பதைக் கீழே தேங்கிய தண்ணீரைப் பார்த்துச் சொல்ல முடியாதே, அது மாதிரி.

ஆகவே உங்கள் அக்காவின் ரிப்போர்ட்டில் பி16 பாசிட்டிவ் என்று இருப்பது, ‘இது சாதாரண ஃபைப்ராய்டு, அதாவது புற்றல்லாத தசைக்கட்டி, அல்ல’ என்பதற்குத் துணை நிற்கும் ஒரு குறிப்பு. அவ்வளவுதான். கட்டி கர்ப்பப்பை வாயில் இருக்கிறது, பி16 பாசிட்டிவ், எனவே ஹெச்.பி.வி. என்று கூட்டிக் கழிப்பது அத்தான் மட்டும் செய்யும் தவறல்ல. திசுப் பரிசோதனைத் துறையில் இல்லாத மருத்துவர்களே செய்து பார்த்திருக்கிறேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருவருக்கு ஹெச்.பி.வி. உண்மையிலேயே இருந்தாலும், அது எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. பல வருடம் சத்தமே இல்லாமல் உடம்பில் கிடக்கக்கூடிய வைரஸ் அது. அதை வைத்து ஒருவரின் நடத்தைக்குத் தீர்ப்பு எழுத, பயாப்ஸி பார்த்து ரிப்போர்ட் எழுதும் என்னைப் போன்ற எந்தப் பேத்தாலஜிஸ்டும் கையெழுத்துப் போட மாட்டார். இந்த இரண்டு பத்திகளை அத்தானிடம் அப்படியே கொடுங்கள். வேண்டுமானால் மிச்சத்தை அப்புறம் படிக்கட்டும்.

சரி, இனி கட்டிக்கு வருவோம்.

கர்ப்பப்பை வாய்ப் புற்று என்றதும் நாம் நினைப்பது அதன் மேற்பரப்பில் போர்வை மாதிரி படர்ந்திருக்கும் செல்களிலிருந்தோ, சளி சுரக்கும் சுரப்பிகளிலிருந்தோ வருவதைத்தான். ஏறத்தாழ 95 சதவீதம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு ஹெச்.பி.வி. காரணம் என்று சொல்வதும் இவற்றை வைத்துத்தான். ஆனால் போர்வைக்கு அடியில் நார்த்திசுவும், ரத்தக் குழாய்களும், கொஞ்சம் மென்தசையும் இருக்கின்றன. மென்தசை என்பது குடலிலும் ரத்தக்குழாய்ச் சுவரிலும் நம் கட்டளைக்குக் காத்திருக்காமல் தானாகச் சுருங்கி விரியும் தசை. கர்ப்பப்பையின் உடல்பகுதி பெரும்பாலும் இந்தத் தசையால் ஆனது. வாய்ப்பகுதியில் அது கொஞ்சம்தான், மீதி நார். தசை குறைவாக இருப்பதால்தான் வாயில் ஃபைப்ராய்டே குறைவு. அந்தத் தசையில் புற்று என்பது அதைவிடப் பல மடங்கு அபூர்வம். தசை, நார் போன்ற திசுக்களில் வரும் புற்றுக்குச் சர்கோமா என்று பெயர். அதன் எல்லா வகைகளையும் சேர்த்தாலும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுகளில் 100-க்கு ஒன்று தேறாது. அதில் ஒரு பகுதிதான் லியோமயோசர்கோமா. வாழ்நாள் முழுக்க ஒன்றைக்கூடப் பார்க்காமல் ஓய்வு பெறும் பேத்தாலஜிஸ்டுகள் நிறையப் பேர். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. இரண்டாவது கருத்து ஏன் அவசியம் என்று கீழே வரும்போது இது உதவும்.

பாப் ஸ்மியர் ஏன் நார்மலாக வந்தது என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. அந்தப் பரிசோதனை மேற்பரப்பைச் சுரண்டி, உதிரும் செல்களை எடுத்துப் பார்ப்பது. தசைக்கட்டி சுவருக்குள்ளே வளர்கிறது. மேலே போர்வை ஒழுங்காக இருக்கும்வரை அதிலிருந்து ஒரு செல்கூட வெளியே வராது. போர்வை புண்ணாகிக் கிழிந்த பிறகும் தசைச் செல்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் எளிதில் உதிர்வதில்லை. ஆக, ஸ்மியர் எடுத்தவர்களும் சரி, பார்த்தவர்களும் சரி, எதையும் கோட்டை விடவில்லை. அதற்காக ஸ்மியரே வீண் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது எதற்காக ஏற்பட்டதோ, அந்தப் பொதுவான புற்றைத் தடுப்பதில் அதன் வேலையை அது செய்கிறது. நீங்கள் உங்கள் ஸ்மியரை நிறுத்த வேண்டாம். வீட்டில் பெண் பிள்ளைகள் இருந்தால் ஹெச்.பி.வி. தடுப்பூசியையும் விட வேண்டாம்.

இப்போது நீங்கள் உண்மையில் கேட்க வந்த கேள்வி. இரண்டில் எது தப்பு?

ஸ்லைடைப் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் முதல் முறை பேத்தாலஜிஸ்டின் மேஜைக்கு என்ன போயிருக்கும் என்று சொல்ல முடியும். தொங்கும் கட்டியைத் திருகி எடுத்தால் பெரும்பாலும் முழுக் கட்டி வராது. துண்டு துண்டாக, எல்லாம் சேர்ந்து ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் வரும். அதுவும் நுனிப்பகுதி. யோனிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நுனி எப்போதும் அடிபட்டு, புண்ணாகி, கிருமி சேர்ந்து, ரத்தம் கட்டிக் கிடக்கும். ஒரு பேத்தாலஜிஸ்டுக்கு இதைவிட மோசமான இடம் இல்லை. புண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் நல்ல தசைச் செல்லும் ஆறுவதற்காக வேகமாகப் பிளவுபடும். அதை எண்ணினால் நல்ல கட்டியைக் கெட்டது என்று சொல்லிவிடுவோம். எண்ணாமல் விட்டால் கெட்டதை நல்லது என்று சொல்லிவிடும் ஆபத்து. புற்றின் அசல் முகம் நுனியில் இல்லாமல் அடிப்பகுதியில் இருந்திருக்கலாம்.

முதல் ரிப்போர்ட்டை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். தடித்த எழுத்தில் இருக்கும் தலைப்பை மட்டும் எல்லோரும் படிப்பார்கள். கடைசி வரியில், ‘சிறு துண்டுகள் மட்டுமே கிடைத்தன, கட்டியை முழுமையாக அகற்றிப் பரிசோதிப்பது நல்லது’ என்கிற பொருளில் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அந்தப் பேத்தாலஜிஸ்ட் தனக்குத் தெரிந்ததைச் சரியாகவே எழுதியிருக்கிறார், படிக்க வேண்டியவர்கள் படிக்கவில்லை. இல்லாவிட்டால், எழுதியிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அந்தத் துண்டிலேயே புற்றின் அடையாளம் இருந்து அவர் கண்ணில் படாமல் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. எங்கள் தொழிலில் அதுவும் நடக்கும், மறைக்க ஒன்றுமில்லை.

பயாப்ஸி என்றால் கட்டியை ஏதோ மெஷினில் போட்டு அது பதில் சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். நடப்பது இதுதான். கட்டியை ஃபார்மலினில் ஊறவைக்கிறோம். அறுத்து, கட்டை விரல் நகம் அளவில் துண்டுகள் எடுத்து, மெழுகில் பதிக்கிறோம். அதுதான் பிளாக். அந்த மெழுகுக் கட்டியிலிருந்து மூன்று நான்கு மைக்ரான் தடிமனில், அதாவது தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, ஒரு சீவலை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றுகிறோம். சர்கோமா என்று சந்தேகம் வந்தால் கட்டியின் நீளத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் குறைந்தது ஒரு பிளாக் எடுக்க வேண்டும் என்பது நடைமுறை. உங்கள் அக்காவின் 6.5 செ.மீ. கட்டிக்கு ஏழு பிளாக். அப்படி எடுத்தாலும் கட்டியின் பத்தில் ஒரு பங்குகூட மெழுகுக்குப் போயிருக்காது. அதிலும் நான் லென்ஸ் வழியே பார்ப்பது ஒரு சீவலை மட்டும்.

அதனால்தான் எங்கே அறுப்பது என்பது லென்ஸில் பார்ப்பதற்குச் சமமான வேலை. நல்ல ஃபைப்ராய்டை அறுத்தால் கத்திக்கு அழுத்தம் கொடுக்கும். வெள்ளையாக, சுழிசுழியாக, ரப்பர் மாதிரி இருக்கும். அறுத்த முகம் சட்டென்று மேலே பிதுங்கி நிற்கும், சுற்றியிருக்கும் தசையிலிருந்து விரலால் தோண்டி எடுத்துவிடலாம். லியோமயோசர்கோமாவில் கத்தி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும். நிறம் சாம்பல், மஞ்சள், நடுவில் ரத்தம் கசிந்த சிவப்புத் திட்டுகள், சில இடங்களில் பொதபொதவென்று கரைந்து போன பகுதிகள். ஓரம் எங்கே முடிகிறது என்று விரலுக்குப் பிடிபடாது. சிதைந்த ஃபைப்ராய்டும் சில சமயம் இப்படி வேஷம் போடும் என்பதால் கையால் பார்த்ததோடு முடிந்துவிடாது. ஆனால் துண்டு துண்டாக வந்த கட்டியில் இந்த முதல் சாட்சியே காணாமல் போய்விடுகிறது. ஃபைப்ராய்டுகளை உள்ளேயே அரைத்து உறிஞ்சி எடுக்கும் கருவிகளைப் பற்றி அமெரிக்க மருந்து நிர்வாகம் 2014-இல் எச்சரிக்கை விட்டது. மறைந்திருக்கும் சர்கோமா வயிற்றுக்குள் சிதறிவிடும் என்பது முக்கியக் காரணம். கட்டியை அப்படிச் சிதைத்து எடுத்தால் பரிசோதிக்க வேண்டியவருக்கும் ஓரம் எது, அடி எது என்று தெரியாமல் போகும் என்பது என் பக்கத்துக் குறை.

லென்ஸுக்குள் நாங்கள் தேடுவது மூன்று விஷயங்கள். 1994-இல் ஸ்டான்ஃபோர்ட் குழு ஒன்று, முடிவு சொல்லச் சிரமமான 213 கர்ப்பப்பைத் தசைக்கட்டிகளை எடுத்து, நோயாளிகளுக்குப் பிற்பாடு என்ன ஆனது என்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தது. அதுவரை செல் பிளவுகளின் எண்ணிக்கைக்குத்தான் பெரிய மரியாதை. எண்ணிக்கை மட்டும் போதாது, செல்களின் உட்கரு எவ்வளவு விகாரமாக இருக்கிறது, கட்டிச் செல்கள் எந்த விதத்தில் மடிந்திருக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. இன்றும் அதுதான் அடித்தளம். நூல் நூற்கும் கதிர் போல நீண்ட செல்கள் கொண்ட சாதாரண வகையில், இந்த மூன்றில் குறைந்தது இரண்டு தேறினால்தான் லியோமயோசர்கோமா என்று எழுதுவோம். கர்ப்பப்பை வாய்க்கென்று தனி விதிகள் இல்லை. இவ்வளவு அபூர்வமான கட்டியை வைத்துத் தனி விதி வகுக்க முடியாது. உடல்பகுதியின் விதிகளையே வாய்க்கும் இரவல் வாங்கிக்கொள்கிறோம்.

மூன்றில் எனக்கு எப்போதும் வியர்வை வரவழைப்பது அந்தச் செல் மடிவுதான். ரத்தம் போகாமல் மடிவது ஒரு விதம். கர்ப்ப காலத்திலும், ஹார்மோன் மருந்து எடுத்தவர்களிடமும், திருகிக்கொண்ட கட்டியிலும் இதைப் பார்க்கலாம். இதில் உயிரோடு இருக்கும் பகுதிக்கும் மடிந்த பகுதிக்கும் நடுவே, வெளிறிய இளஞ்சிவப்பில் ஒரு பட்டை, தழும்பு மாதிரி ஓடும். உடம்பு அந்தச் சாவைக் கவனித்து, வேலி கட்டி, ஆற்ற முயன்றதன் தடயம் அது. புற்றின் மடிவில் அந்தப் பட்டை இருக்காது. உயிருள்ள செல்கள் வரிசையாக வந்துகொண்டிருக்கும், கத்தியால் வெட்டிய மாதிரி அடுத்த அடியில் எல்லாம் செத்துக் கிடக்கும். செத்த பகுதிக்குள்ளும் உட்கருக்களின் மங்கிய உருவம் நிழல்போலத் தெரியும். அதன் நடுவில் ஒரு ரத்தக்குழாய், அதைச் சுற்றி மட்டும் வளையமாக உயிரோடு சில செல்கள். ஒரு முறை மனதில் பதிந்துவிட்டால் மறக்காது. ஆனால் புண்ணான நுனித் துண்டில் இந்த இரண்டும் போதாதென்று கிருமியால் வந்த மூன்றாவது வகை மடிவும் சேர்ந்து குழப்பும். முதல் ரிப்போர்ட்டில் ‘சிதைவுற்ற’ என்ற சொல் இருந்தது என்றீர்களே, அங்கே எந்த மடிவைப் பார்த்தார் என்பதுதான் மறுபரிசீலனையில் முதலில் கேட்க வேண்டியது.

செல் பிளவை எண்ணுவது சுலபம் போலத் தோன்றும். பயிற்சிக் காலத்தில் ஒரு கட்டியில் 22 எண்ணிவிட்டு, புற்று என்று பெருமையாக எழுதிக் கொண்டுபோனேன். என் ஆசிரியர் ஒன்றும் பேசவில்லை. இரட்டை மைக்ராஸ்கோப்பில் பக்கத்தில் உட்கார வைத்து, நான் எண்ணிய ஒவ்வொன்றையும் காட்டச் சொன்னார். “இதுக்கு ஓரம் வழவழன்னு இருக்கா, முடி முடியா நீட்டிக்கிட்டு இருக்கா?” இதே கேள்விதான் ஒவ்வொன்றுக்கும். பிளவுபடும் செல்லில் உட்கருவின் சவ்வு கரைந்து, குரோமோசோம்கள் கட்டியாகச் சேர்ந்து, ஓரத்தில் சின்னச் சின்ன முடிகள் நீட்டிக்கொண்டிருக்கும். செத்துச் சுருங்கும் செல்லின் உட்கருவும் அதே கறுப்பு, ஆனால் ஓரம் வழவழப்பு, சுற்றிலும் அடர்ந்த சிவப்பு. முடிவில் என் 22-இல் ஐந்துதான் தேறியது. கட்டி ஃபைப்ராய்டு.

பத்து உயர் உருப்பெருக்கப் புலங்களில் 10 பிளவுகள் என்பது வரம்பு. புலம் என்பது லென்ஸில் ஒரே பார்வையில் தெரியும் வட்டம். மைக்ராஸ்கோப்புக்கு மைக்ராஸ்கோப் புலத்தின் அகலம் மாறும் என்பதால் உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வகைப்பாட்டு நூலில் இதையே சதுர மில்லிமீட்டருக்கு 4 என்று சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். செல்கள் உருண்டையாக இருக்கும் எபிதீலியாய்டு வகைக்கும், கொழகொழவென்று இருக்கும் மிக்ஸாய்டு வகைக்கும் வரம்பு இதைவிடக் கீழே. அங்கே குறைந்த எண்ணிக்கையே ஆபத்து. மிக்ஸாய்டு வகையில் செல்கள் சாதுவாகத் தெரியும், மொத்தத்தில் ஏமாற்றுப் பேர்வழி. இரண்டும் கெட்டானாக நிற்கும் கட்டிகளும் உண்டு. அவற்றுக்கு ‘ஸ்டம்ப்’ என்று ஒரு பெயர் வைத்திருக்கிறோம். நல்லது, கெட்டது என்று உறுதியாகச் சொல்ல முடியாத மென்தசைக் கட்டி என்று அர்த்தம். நோயாளிகளுக்குப் பிடிக்காத பெயர். எங்களுக்கும்தான். ஆனால் தெரியாததைத் தெரிந்ததாக எழுதுவதைவிட மேல்.

கேஐ-67 40 சதவீதம் என்பதைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். பிளவுச் சுழற்சிக்குள் எத்தனை செல்கள் இருக்கின்றன என்று காட்டும் சாயம் அது. உயர்ந்த எண் புற்றுக்குப் பொருந்துகிறது, ஆனால் மேலே சொன்ன மூன்று விதிகளில் அதற்கு இடம் கிடையாது. 40 சதவீதம் உடம்பில் பரவிவிட்டது என்று அர்த்தமே இல்லை. இந்தக் குழப்பத்தை வாரம் ஒரு முறையாவது கேட்கிறேன்.

டெஸ்மின், கால்டெஸ்மான் இரண்டும் தசையின் அடையாள அட்டைகள். இரண்டும் பாசிட்டிவ் என்றால் இது தசையிலிருந்து வந்தது என்பதற்கு நல்ல ஆதாரம். நல்லதா கெட்டதா என்று அவை சொல்லாது, சாதாரண ஃபைப்ராய்டிலும் இரண்டும் பாசிட்டிவ்தான். இங்கே ஒரு சிக்கல். தசையின் அடையாள அட்டையை வைத்துக்கொண்டு வேறு சில கட்டிகளும் உலவும். பெகோமா என்று ஒன்று, அதற்கு ஹெச்எம்பி-45 சாயம் பார்க்க வேண்டும். அழற்சி மயோஃபைப்ரோபிளாஸ்டிக் கட்டி என்று இன்னொன்று, அதற்கு ஏஎல்கே சாயம். கர்ப்பப்பை வாயிலேயே வரக்கூடிய என்டிஆர்கே சர்கோமா என்ற வகையையும் சில வருடங்களாகத் தனியாக அடையாளம் காண்கிறோம். அதில் டெஸ்மின் பொதுவாக இருக்காது, எஸ்100 என்ற வேறொரு அடையாளம் இருக்கும். உங்கள் அக்காவின் கட்டியில் டெஸ்மினும் கால்டெஸ்மானும் நன்றாக ஏறியிருப்பதால் அதற்கு வாய்ப்புக் குறைவு. இத்தனை பெயர்களை நான் அடுக்குவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஏஎல்கே மரபணுவில் கோளாறு உள்ள கட்டிக்கும், என்டிஆர்கே மரபணுவில் கோளாறு உள்ள கட்டிக்கும் அந்தந்தக் கோளாறைக் குறிவைக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. பெயர் மாறினால் மருந்தும் மாறும். சுரப்பி போன்ற மேற்பரப்புச் செல்களின் புற்றும் சர்கோமாவும் கலந்து வரும் கார்சினோசர்கோமா, நீண்டு போன செல்களாக வேஷமிடும் சாதாரணக் கர்ப்பப்பை வாய்ப் புற்று ஆகியவற்றையும் விலக்கியிருக்க வேண்டும். லியோமயோசர்கோமாவிலும், மேற்பரப்புச் செல்களின் அடையாளமான கெரட்டின் சாயம் சில இடங்களில் ஏறும் என்பதால் ஒரே ஒரு சாயத்தை வைத்து யாரும் முடிவெடுக்கக் கூடாது.

கட்டி எங்கே பிறந்தது என்பதும் விவாதத்துக்குரியது. கர்ப்பப்பையின் உள்ளறையில் முளைத்த கட்டி காம்பு விட்டு, வாய் வழியே கீழே இறங்கித் தொங்குவது ரொம்பச் சகஜம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது வாயில் முளைத்தது போலவே இருக்கும். முழுக் கர்ப்பப்பையும் கையில் வந்தபோது காம்பைப் பிடித்துக்கொண்டு மேலே போய், அது ஒட்டியிருந்த இடத்தைப் பேத்தாலஜிஸ்ட் பார்த்திருப்பார். ரிப்போர்ட்டில் ‘வாய்ச் சுவரிலிருந்து எழுகிறது, மேலே உடல்பகுதியின் தசையும் உள்வரிச் சவ்வும் இயல்பு’ என்ற மாதிரி விவரம் இருக்கிறதா பாருங்கள். வெறுமனே ‘கர்ப்பப்பை வாய்’ என்று மட்டும் இருந்தால் இதையும் கேட்க வேண்டும்.

ஃபைப்ராய்டு நான்கு மாதத்தில் புற்றாக மாறுமா? பெரும்பாலான லியோமயோசர்கோமாக்கள் ஃபைப்ராய்டிலிருந்து வருவதில்லை, தொடக்கத்திலிருந்தே தனி வழியில் வளர்கின்றன. இரண்டின் மரபணுக் கோளாறுகளே வேறு. ஃபைப்ராய்டுகளில் பெரும்பாலும் காண்பது மெட்12 என்ற மரபணுவில் ஒரு சின்னப் பிழை. சர்கோமாவில் டிபி53, ஆர்பி1 போன்ற காவல் மரபணுக்கள் தகர்ந்து, குரோமோசோம்களே தாறுமாறாகக் கிடக்கும். அபூர்வமாக, ஃபைப்ராய்டு போன்ற பகுதியும் புற்றும் ஒரே கட்டியில் ஒட்டிக்கொண்டு இருப்பதைப் பார்க்கிறோம் என்பதால் ஒருபோதும் மாறாது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். உங்கள் அக்கா விஷயத்தில், திருகி எடுத்தபோது அடியில் மிச்சம் நின்றது அதே கட்டி, அதுதான் வளர்ந்தது என்று எடுத்துக்கொள்வதே பொருத்தம்.

உங்கள் ஃபைப்ராய்டுக்கு வருகிறேன். 50 வயதை எட்டும் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ஒரு ஃபைப்ராய்டாவது இருக்கும். அக்காவுக்கு வந்தது உங்களுக்கும் வரும் என்று நினைக்க வேண்டாம், இது பொதுவாகக் குடும்பத்தில் ஓடும் புற்று அல்ல. குடும்பத்தில் சின்ன வயதிலேயே பலருக்குப் புற்று வந்திருந்தாலோ, யாருக்காவது குழந்தைப் பருவத்தில் கண்ணில் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்று வந்திருந்தாலோ மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள். உங்கள் கட்டி மாதவிடாய் நின்ற பிறகும் வளர்ந்தாலோ, அப்போது ரத்தம் பட்டாலோ தள்ளிப்போடக் கூடாது. மற்றபடி உங்கள் டாக்டர் சொல்லும் இடைவெளியில் ஸ்கேன் போதும்.

அக்காவுக்கு மேற்கொண்டு என்ன சிகிச்சை என்பது புற்றுநோய் நிபுணரின் எல்லை, அங்கே நான் மூக்கை நுழைக்கவில்லை. ஒன்று மட்டும். இந்தப் புற்று நிணநீர்க் கட்டிகளைவிட ரத்தம் வழியாகவே அதிகம் பயணிக்கும், முதலில் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் நுரையீரல். அதனால் மார்புக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னால், ‘நோய் அடிவயிற்றில்தானே, மார்புக்கு எதற்கு’ என்று தயங்காதீர்கள். வழக்கமான கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் கொடுக்கும் கதிர்வீச்சும் மருந்தும் அப்படியே இதற்குப் பொருந்தாது என்பதையும் மனதில் வையுங்கள். சர்கோமா பார்த்துப் பழகிய குழு இருக்கும் இடத்துக்குப் போவது நல்லது.

அப்படிப் போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும் என்பதோடு முடிக்கிறேன். ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் கொண்டுபோனால் இரண்டாவது கருத்துக் கிடைக்காது, முதல் கருத்தை மறுபடி வாசித்துக் காட்டுவார்கள். சாயம் ஏற்றிய ஸ்லைடுகள், மெழுகு பிளாக்குகள், அறுவை சிகிச்சைக் குறிப்பு, அறுவைக்கு முன் எடுத்த எம்.ஆர்.ஐ. இருந்தால் அதன் படங்கள், இவ்வளவும் வேண்டும். பரிசோதனைக் கூடத்தில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். கேட்பதில் சங்கடப்பட ஒன்றுமில்லை, தினமும் யாராவது வந்து வாங்கிப் போவார்கள். நான் கையெழுத்துப் போட்ட கட்டியை இன்னொருவர் பார்க்கட்டும் என்று நானே அனுப்பி வைப்பதும் உண்டு. வாங்கும்போது ஒவ்வொரு பிளாக்கின் எண்ணும் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று சரிபாருங்கள். ஸ்லைடைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் போட வேண்டாம், உடைந்துவிடும், அதற்கென்று இருக்கும் பிளாஸ்டிக் பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். பிளாக் மெழுகு என்பதால் வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

அப்புறம், இரண்டாவது அறுவை சிகிச்சையின் பிளாக்குகளை மட்டும் எடுத்துக் கொடுப்பார்கள். முதலில் திருகி எடுத்த அந்தச் சின்னத் துண்டின் பிளாக்கையும் சேர்த்துக் கேளுங்கள். வேறு எண்ணில், வேறு அலமாரியில், ஒருவேளை வேறு பரிசோதனைக் கூடத்திலேயே இருக்கும் அது. அதைத்தான் எல்லோரும் மறந்துவிட்டு வருகிறார்கள்.